தண்ணீர்த் தொட்டி எந்தப் பக்கம்?

என் கணவருக்கு இந்த நகரத்தின் சந்து பொந்தெல்லாம் அத்துப்படி. எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே! இருபத்திரண்டு வருடமாக ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில், கணினி வரைபடத்தைப் பார்த்து வண்டிகளை அனுப்புகிறவர். வீட்டில் மட்டும் அவருடைய மூக்குக்கண்ணாடியை நான்தான் தேடித் தர வேண்டும்.

போன வருடம் ஒரு மத்தியானம், அப்பாவுக்கு மூச்சு முட்டுகிறது என்று ஒருவன் அழைத்திருக்கிறான். நகரத்தின் ஓரத்தில் புதிதாக முளைத்த குடியிருப்பு. தெருவுக்குப் பெயரே இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மூன்றாவது வீடு என்றானாம். அங்கே இரண்டு தொட்டிகள். வரைபடத்தில் இருந்தது ஒன்றுதான். "எந்தப் பக்கம்?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டு, பதில் சரியாகக் காதில் விழும் முன்பே இவர் அந்த ஒன்றுக்கு வண்டியை அனுப்பிவிட்டார். சரியான வீட்டுக்குப் போய்ச் சேர நாற்பது நிமிடம். அதற்குள் பெரியவர் போய்விட்டார்.

உங்கள் மேல் தவறில்லை என்று அலுவலகம் எழுதிக் கொடுத்தது. இவருக்குத்தான் சோறு இறங்கவில்லை. ஒரு பழைய சைக்கிளை வாங்கிக்கொண்டு, விடுமுறை நாளெல்லாம் பாதி போட்ட சாலை, கல்குவாரி, கிடங்கு என்று புறநகர் முழுக்கச் சுற்றினார். தொட்டி, கோபுரம், இடிந்த சுவர் எல்லாவற்றையும் நோட்டில் குறித்து, வரைபடத்தில் ஏற்றச் சொல்லி அலுவலகத்தில் கொடுப்பார். புழுதியோடு வந்து நிற்பவரைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அந்தக் குடியிருப்புக்கான பக்கம் மட்டும் வெறுமையாகவே இருந்தது.

"அங்க மட்டும் ஏங்க போகல?"

"போவேன்."

மூன்று மாதம் இந்த 'போவேன்'தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே கேரியரில் ஏறி உட்கார்ந்தேன். "மிதிங்க."

அங்கே போனால், வரைபடத்தில் இல்லாத அந்தத் தொட்டி ஆள் உயரம்கூட இல்லை போலிருக்கிறது. கண்ணில் படவே இல்லை. வாசலில் பைக் துடைத்துக்கொண்டிருந்த ஒருவனிடம் இவர் கேட்டார்.

"தம்பி, தண்ணித் தொட்டி எந்தப் பக்கம்?"

அவன் கை நின்றது. "இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னார்.

"அன்னைக்கும் இதே குரல்தான். இதையேதான் கேட்டீங்க."

"நான்தான்... மன்னிச்சுடுங்க" என்று இவர் குழறினார்.

"இதோ, இந்த பைக்லயே உக்கார வச்சு அப்பாவக் கொண்டு போயிருப்பேன். வண்டி கிளம்பிடுச்சுன்னு நீங்க சொன்னீங்க. அதான் காத்திருந்தோம்." அவன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான். "வண்டி வழியில பஞ்சர்னு அம்மாகிட்ட சொல்லி வச்சிருக்கேன். அவங்க வெளிய வர்றதுக்குள்ள போயிடுங்க. தொட்டி அதோ, அந்தச் செங்கல் குவியலுக்குப் பின்னாடி."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே தெருமுனை வரை வந்தோம். அங்கே நின்று நோட்டை எடுத்தார். பேனாவோடு சேர்த்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கி எழுதினேன்: தண்ணீர்த் தொட்டி. பின்னால் மூன்றாவது வீடு.