சி மேஜருக்குப் பக்கத்து வீடு

தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு கோமதி அக்கா மேடையேறிய முதல் கல்யாண ரிசப்ஷன் அது. ஐந்தருவி போகும் வழியில் ஒரு மண்டபம். எங்கள் தென்காசி இன்னிசைக் குழுவில் அவள் பாடகி, நான் கீபோர்டு.

ரிகர்சலிலேயே கெஞ்சிப் பார்த்தேன். “அக்கா, சுதியக் கொஞ்சம் கொறைச்சுக்கிடுவோமா?”

“ஒண்ணும் வேண்டாம்லே. பழைய சுதியிலயே பாடுதேன். வரலன்னா இனி மைக்கைத் தொட மாட்டேன்.”

பிடிவாதத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. எனக்கு அன்று மதியம் சோறே இறங்கவில்லை.

கீபோர்டு பழகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். மூன்று சுரம் சேர்ந்தால் ஒரு கார்ட். இரண்டு கார்ட் எவ்வளவு நெருக்கம் என்று அளக்க எங்கள் கணக்கு எளிது. பொதுவாக எத்தனை சுரம் இருக்கிறது, மிச்ச விரல் எவ்வளவு தூரம் நகர வேண்டும், அவ்வளவுதான். சி மேஜரில் சி, ஈ, ஜி. ஈ மைனரில் ஈ, ஜி, பி. இரண்டு விரல் அசைய வேண்டாம். மூன்றாவது விரல் சி-யிலிருந்து ஒட்டியிருக்கும் பி-க்கு இறங்கினால் போதும். ஏ மைனரும் உறவுதான், ஆனால் அதற்கு ஜி-யில் இருக்கும் விரல் இடையில் ஒரு கறுப்புக் கீயைத் தாண்டி ஏ-க்குப் போக வேண்டும். ஈ மைனர் பக்கத்து வீடு.

அன்று மேடையில், பாட்டு மேல் சி-யில் முடிய வேண்டும். அக்கா ஏறினாள். எட்டவில்லை, பி-யிலேயே நின்றுவிட்டாள். என் கை சி மேஜரில் இருந்தது. அவள் பி-யும் என் சி-யும் உரசின. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

ஒரு விரலை இறக்கினேன். ஈ மைனர். அவள் நின்ற சுரம் அந்தக் கார்டுக்குச் சொந்தமானது. உரசல் போய்விட்டது. அவள் தோள் தளர்ந்தது. அங்கேயே நிதானமாக மூச்சு வாங்கி, மெல்ல சி-க்கு ஏறினாள். நானும் விரலைக் கூடவே ஏற்றினேன்.

பெண்ணின் அப்பா மேடைக்கே வந்துவிட்டார். “கடைசில ஒரு எறக்கம் வச்சிய பாருங்க, மவ வீட்டவிட்டுப் போறான்னு எனக்கு அங்கனதான் அழுக வந்துட்டு.”

அக்கா அவரைக் கும்பிட்டாள். எனக்கும் கண் கலங்கியது, மறைக்கவில்லை.

பாடுகிறவர் தவறி நிற்கும் இடத்துக்கும் ஒரு கார்ட் இருக்கும், பிள்ளைகளா. முன்கூட்டியே தேடி வையுங்கள். கண்ணை கீபோர்டில் வைக்காமல் அவர் முகத்தில் வையுங்கள்.

வேனில் ஏறியதும் அக்கா கேட்டாள், “அடுத்த புரோகிராம் எங்கனலே?”

“கடையத்துலக்கா.”

“அங்கயும் பி-யில கொஞ்சம் நின்னுட்டுத்தான் ஏறுவேன். நீயும் கூடவே எறங்கி வரணும், என்ன?”