இருவராகப் போய்க் கேட்டவர்கள்

சந்தனமாரி உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கொச்சியின் மட்டாஞ்சேரிக்கு வந்து பத்தொன்பது வருடமாகிறது. பஜாரில் சுக்குக் கிடங்கில் வேலை. பெரிய சல்லடையின் ஒரு பக்கத்தை அவளும் மறுபக்கத்தை ஜலீலாவும் பிடித்து ஆட்டுவார்கள். ஜலீலா அதே தெருவில் பிறந்து வளர்ந்த மலையாளி. அக்கா முறையில் ‘இத்தா’ என்று கூப்பிட்டு இவள் பேசிப் பேசியே அவளுக்குத் தமிழ் வந்துவிட்டது.

அந்தப் பங்குனியில் தெரு இரண்டாகிப் போனது. தெருமுனை மைதானத்தில் தமிழர்கள் மாரியம்மன் பொங்கலுக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். அதே மாலை, அதே இடத்தில், கால்பந்து இறுதி ஆட்டம் பார்ப்பதற்காகத் திரை கட்ட மலையாளி இளைஞர்கள் வந்தார்கள். வாய்ப்பேச்சு கைகலப்பில் முடிந்தது. சந்தனமாரியின் கணவன் ஒச்சப்பனுக்கு நெற்றியில் ஐந்து தையல். ஜலீலாவின் தம்பி சைபுதீனுக்குக் கை முறிந்தது. இரு தரப்பும் போலீசில் புகார் கொடுத்தன. தமிழரை இழிக்கும் ‘பாண்டி’ என்ற ஏச்சு தெருவில் தாராளமாகப் புழங்கியது. தமிழர்கள் எதிர்வரிசை மலையாளிக் கடையில் சாயா குடிப்பதை நிறுத்தினார்கள். கிடங்கிலும் பெண்கள் தனித்தனி மூலைகளுக்குப் போய்விட்டார்கள்.

பத்து நாள் பொறுத்தாள் சந்தனமாரி. பதினோராம் நாள் சல்லடையைத் தூக்கிக்கொண்டு ஜலீலாவின் முன்னால் போய் நின்றாள்.

“இத்தா, பிடிங்க. உங்க தம்பிக்கும் எம் புருசனுக்கும் புத்தி இல்லைன்னா, நாம எதுக்குப் பேசாம இருக்கணும்?”

“அவன் கை ஒடிஞ்சு கெடக்கான். நீ இப்பதான் வர்றியா?”

“கை எப்படி இருக்குன்னு கேக்க நேத்து உங்க வாசல் வரைக்கும் வந்தேன். பயந்துபோய்த் திரும்பிட்டேன் இத்தா.”

ஜலீலா அவளையே பார்த்தாள். பிறகு சல்லடையின் மறுபக்கத்தைப் பிடித்தாள்.

அன்று மத்தியானச் சாப்பாட்டு வேளையில் இருவரும் மற்றப் பெண்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். இனி எந்தப் புரளி வந்தாலும், ஆண்கள் கிளம்புவதற்கு முன்னால் அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி என்று சேர்ந்து போய் நேரில் கேட்டு வரவேண்டும் என்றார்கள். பன்னிரண்டு பேர் சம்மதித்தார்கள்.

ஒரே வாரத்தில் அதற்கு வேலை வந்தது. ஜலீலாவின் மகன் அனீஸை மீன் சந்தையில் தமிழர்கள் அடித்துப் போட்டுவிட்டதாக வாட்ஸ்அப்பில் செய்தி ஓடியது. சைபுதீன் கட்டுப்போட்ட கையோடு ஆள் சேர்த்தான்.  ஜலீலா தம்பியைத் தடுத்து நிறுத்தினாள்.

“ஆரும் போகண்டா. அவன் என்றெ மோன். நானும் மாரியும் போய் நோக்கிட்டு வர்றோம்.”

சந்தைக்கு எதிரே சாயாக்கடையில் அனீஸ் உட்கார்ந்திருந்தான். முழங்காலில் கட்டு, வாய் நிறையப் பழம்பொரி என்கிற நேந்திரம்பழ பஜ்ஜி. மீன்தண்ணீரில் ஸ்கூட்டர் வழுக்கி விழுந்தவனைத் தூக்கி மருந்து போட்டுவிட்டு, பலகாரமும் வாங்கிக் கொடுத்தவன் கேசவ் என்ற தமிழன், சந்தையில் மூட்டை தூக்குகிறவன். ஜலீலா மகனைத் திட்டிக்கொண்டே அழுதாள். சந்தனமாரி கேசவை விடவில்லை. “நீயும் வா தம்பி, அவங்க கண்ணால பாக்கட்டும்” என்று கையைப் பிடித்து அழைத்துவந்தாள்.

கேசவின் தோளில் சாய்ந்து நொண்டிக்கொண்டு வந்த அனீஸைப் பார்த்ததும் கூடியிருந்தவர்கள் வழிவிட்டார்கள்.

“ஆரும் அடிச்சில்ல மாமா. வழுக்கி விழுந்ததாக்கும்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு தெருவே சிரித்தது. சைபுதீன் தலையைச் சொறிந்தபடி கேசவைப் பார்த்துக் கேட்டான்: “சாயா குடிச்சோ?”

“குடிச்சேன் சேட்டா.”

“எங்க வீட்லயும் ஒண்ணு குடி.”

அந்த மாதக் கடைசியில் பெண்கள் ஒச்சப்பனையும் சைபுதீனையும் ஒரே ஆட்டோவில் ஏற்றி போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பினார்கள். சமாதானமாகிவிட்டோம் என்று இருவரும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். போகும்போது ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு போனவர்கள், திரும்பும்போது கால்பந்தைப் பற்றி உரக்கச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள்.

மறுவருடம் பங்குனியில் காலையில் பொங்கல், சாயங்காலம் வடம்வலி என்கிற கயிறிழுப்புப் போட்டி. ஆண்கள் எல்லாரும் ஒரு பக்கம், கிடங்குப் பெண்கள் மறுபக்கம். மூன்றாவது இழுப்பில் ஆண்கள் மொத்தமாகச் சேற்றில் சரிந்தார்கள். அவர்கள் கயிற்றை விட்ட வேகத்தில் சந்தனமாரி மல்லாந்து விழ, அவள்மேல் ஜலீலா விழ, இருவரும் எழுந்திருக்க முடியாமல் சிரித்துக்கொண்டே கிடந்தார்கள்.