போதும் என்ற சொல்லுக்கு அப்பா வைத்திருந்த பொருள்

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பாதிப் பேருக்கு அவர் ஆடிய ஆட்டம் எதுவென்று இன்னும் தெரியாது. "மாப்பிள்ளை ஆடுனது கிரிக்கெட்தானே?" என்று ஷார்ஜா மாமா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். பேஸ்பால், மாமா.

அப்பா பிறந்தது ஜப்பானின் ஒரு மீன்பிடி ஊரில். பள்ளி முடிந்ததும் தொழில்முறை அணியில் சேர்ந்தார். இரண்டாம் பேஸ் அருகே நின்று, தரையோடு பாய்ந்து வரும் பந்துகளைப் பிடித்து எறிவதே அவர் வேலை. முழங்கால் நொறுங்கியதும், மற்றவர்கள் பிடித்துப் பழகப் பந்தடித்துக் கொடுக்கும் பயிற்சியாளராக்கினார்கள். சில ஆண்டுகளில் அதுவும் போயிற்று. துபாயில் பிள்ளைகளின் அணிக்குப் பயிற்சி கொடுக்க வந்தார். அங்கே அலுவலகத்தில் வேலை பார்த்த கோயம்புத்தூர்ப் பெண்தான் என் அம்மா.

பெண் கேட்டு மாமா வீட்டுக்கு வந்த அன்று இலை போட்டார்கள். அப்பா பக்கத்து இலைகளைக் கவனித்தார். யார் "போதும்" என்றாலும் இன்னொரு வடை விழுந்தது. தாமும் சொல்லிப் பார்த்தார்; விழுந்தது. அன்றிலிருந்து அந்தச் சொல்லுக்கு 'இன்னும் ஒன்று' என்பதே அவர் அறிந்த பொருள். அம்மா திருத்தவில்லை. "பாவம், அவரோட தமிழ் அது. இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

மைதானம் மாமா வீட்டுப் பந்தி அல்லவே. வெயிலில் அவர் அடிக்கும் பந்துகளைப் பிடித்து ஓய்ந்து நான் "போதும்ப்பா" என்று கத்துவேன். அடுத்த பந்து வரும். ஒருநாள் அது என் தாடையைப் பிளந்தது. தையல் போட்டு வந்து, அந்தச் சொல்லின் உண்மையான பொருளைச் சொன்னேன். அப்பா நம்பவில்லை. தம் பயிற்சியாளரிடம் ஜப்பானிய மொழியில் இதையே கெஞ்சியபோதும் அடுத்த பந்துதான் வந்தது என்றார். எல்லா ஊரிலும் அதற்கு அதுதான் அர்த்தமாம். பெற்ற மகள் என்றாலும் அன்று நான் அவரை வெறுத்தேன். நினைவு மலர் என்பதற்காக அதை மறைக்க மாட்டேன்.

பக்கவாதம் வந்து மற்ற பேச்செல்லாம் போய்விட, அவர் நாக்கில் அந்த ஒரு சொல்தான் மிஞ்சியது. மருத்துவமனையில் இறுகிப்போன கையை இழுத்து நீட்டும்போதும், தொண்டைக்குள் குழாய் விட்டுச் சளியை உறிஞ்சும்போதும் "போதும்" என்றார். அம்மாவின் முகம் மலர்ந்துவிடும். "இன்னும் பண்ணச் சொல்றார். அவர் லேசுல விடமாட்டார்." நர்ஸ்களும் விடவில்லை. வாரக்கணக்கில் இப்படியே நடந்தது.

புதிதாக டூட்டிக்கு வந்த நாகர்கோவில் நர்ஸ் ஒருவர், குழாயைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார்.

"அம்மா, சார் போதும்னுல்லா சொல்லுதாவ?"

அம்மா அப்பாவைப் பார்த்தார். அவர் கண்களிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. அன்றே டாக்டரிடம் பேசினோம். அதன்பின் வலி தெரியாதிருக்க மருந்து மட்டும் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் அப்பா காலமானார்.

காரியங்களை முன்நின்று நடத்திய மாமாவுக்கும், திட்டிக்கொண்டே வந்து அழுதுவிட்டுப் போன அப்பாவின் மாணவர்களுக்கும் எங்கள் நன்றி. எங்கள் வீட்டுத் தமிழ் தெரியாத அந்த நர்ஸை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

வருஷாப்திக்கு வந்திருக்கும் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இன்று பந்தியில் யாராவது 'போதும்' என்றால், அதற்குமேல் பரிமாறாதீர்கள்.