ஜனக்புரியில் வேகாத பருப்பு

டில்லி ஜனக்புரியில் எங்கள் வீட்டுக் குழாயில் வந்ததைத் தண்ணீர் என்று சொன்னால் தண்ணீருக்கே கோபம் வரும். சோப்பு நுரைக்காது, வெள்ளைத் திட்டாகப் பக்கெட்டில் அப்பிக்கொள்ளும். குக்கர் எத்தனை விசில் அடித்தாலும் பருப்பு அசையாமல் கிடக்கும். தலைக்குக் குளித்தால் என் முடி தேங்காய் நார்தான். வகுப்பில் பின்பெஞ்சுப் பெண்கள் அதைத் தொட்டுப் பார்த்துச் சிரிப்பார்கள். சனியன் பிடித்த தண்ணீர்!

"இந்தத் தண்ணியில மனுசி இருப்பாளா? திருச்சிக்கு மாத்தல் கேளுங்க" என்று அம்மா அப்பாவை நச்சரிக்காத நாள் கிடையாது. கல்யாணமாகி வந்ததிலிருந்தே அவளுக்கு டில்லி ஒட்டவில்லை. கூடப்பிறந்தவர்கள் எல்லாம் திருச்சியில். இங்கே காய்கறி வண்டிக்காரனை "பையா" என்று கூப்பிடுவதோடு அவள் இந்தி தீர்ந்துவிடும். மிச்ச நேரமெல்லாம் சுவரோடுதான் பேச வேண்டும். அப்பா பேங்க் ஆபீசர். அம்மா சொல்வதில் முதல் பாதிதான் அவர் காதில் ஏறும்.

தண்ணீரைச் சரிபண்ண ஆரம்பித்தார் ஐயா. அண்டா அண்டாவாகக் கொதிக்கவைத்து வடிகட்டினார். பாதி மாதத்தில் கேஸ் காலி. படிகாரம் போட்டார், கலங்கல் தெளிந்தது, பருப்பு வேகவில்லை. கோல் மார்க்கெட்டில் சிநேகிதர் வீட்டுத் தண்ணீர் நன்றாக இருக்குமாம். ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் போய்ப் பெரிய கேனில் பிடித்து வந்தோம். பின்சீட்டில் அந்தக் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பாவாடையெல்லாம் நனைந்து, டில்லியின் பாதியைக் கடந்து வந்தவள் நான். மானம் போயிற்று.

கடைசியில் ஆபீசில் யாரோ சொன்னார்களென்று, தண்ணீரின் கடினத்தை எடுக்கும் ஒரு மெஷினை வாங்கிவந்து குழாயில் மாட்டவைத்தார். அதற்கு அவ்வப்போது மூட்டை உப்பைக் கொட்ட வேண்டும்.

"உப்புத் தண்ணிக்கு உப்பா? உங்களுக்கென்ன கிறுக்கா?" என்றாள் அம்மா.

ஆனால், வேலை செய்துவிட்டது! சோப்பைத் தொட்டால் நுரை பொங்கியது. அலச அலசக் கை வழுக்கியது. அன்றைக்குப் பருப்பு மூன்றே விசிலில் வெண்ணெயாகக் குழைந்தது. அப்பா சாம்பாரை மூன்று தடவை வாங்கி ஊற்றிக்கொண்டார்.

"அச்சா! இனி மாத்தல் பேச்சே வேண்டாம். இங்கேயே ரிடயராகி, இங்கேயே ஒரு ஃப்ளாட்டும் பாத்துடலாம்" என்று ஏப்பம் விட்டுக்கொண்டே கை கழுவப் போனார்.

இன்னும் கொஞ்சம் சாதம் கேட்கச் சமையலறைக்குப் போனேன். அம்மா கரண்டியைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள். சத்தமே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெயிலில் கேன் சுமந்தது நான், ஊர் சிரித்தது என்னைப் பார்த்து, இவள் எதற்கு அழுகிறாள்?

"அதான் அப்பா எல்லாத்தையும் சரி பண்ணிட்டாரேம்மா. இன்னும் என்ன?"

"அதாண்டி" என்றாள்.

இந்த அம்மாவுக்கு என்ன செய்தாலும் திருப்தியே கிடையாது என்று அலுத்துக்கொண்டே, புதுத் தண்ணீரில் குளித்துப் பட்டுப்போலப் பறந்த முடியைப் பார்க்கக் கண்ணாடிக்கு ஓடினேன்.