கேப்டனின் முதுகில் குடைக்காரன்

1. சயான் போகிற வழியில்

கிங்ஸ் சர்க்கிளை விட்டுச் சயான் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். பாத்திரம் வந்த பெட்டியின் இரண்டு பலகைகளுக்கு நடுவே ஒரு படத் தாள். அதைச் சணலால் கட்டி மார்போடு அணைத்திருந்தேன். பஸ்ஸில் ஏறவில்லை. கூட்டத்தில் எவனாவது முழங்கையால் இடித்தால் போதும், என் வேலை போய்விடும்.

மாட்டுங்காவில் பாத்திரக்கடை வைத்திருந்த ராஜபாண்டி அண்ணாச்சி சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

"ரெண்டாப் பிரிஞ்சு முழுசா வந்துச்சுன்னா நீ எப்பவும் போல பரண்ல படுத்துக்க. கிழிஞ்சு வந்துச்சுன்னா இங்க வரண்டாம். தாராவியிலயே இருந்துக்க."

வேலை போவது எனக்குப் புதிதல்ல. ஆறாம் வகுப்போடு ஊரை விட்டுக் கிளம்பியவன் நான். தாணேயில் ஒரு சோப்புப் பட்டறை, டோம்பிவிலியில் ஒரு செங்கல் சூளை, செம்பூரில் டயர் ஒட்டும் கடை என்று எதிலும் நிலைத்ததில்லை. ஆனால் மழைக்காலம் தொடங்கியிருந்தது. பாத்திரக்கடைப் பரண் ஒழுகாத பரண். பம்பாயில் அப்படி ஒன்று கிடைத்தவன் அதைச் சுலபத்தில் விடமாட்டான்.

அந்தத் தாளை ஏன் இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்பதைச் சொன்னால்தான் நான் பார்த்த வேலை என்ன என்பது புரியும்.

2. துணி சுற்றிய தாள்

பழைய துணி வாங்கிக்கொண்டு பாத்திரம் கொடுப்பது பம்பாயில் ஒரு தொழில். எவர்சில்வர் அப்போது வீடுகளுக்குள் வரத் தொடங்கியிருந்த காலம். தலையில் பாத்திரக் கூடை, தோளில் துணி மூட்டை. நான் அண்ணாச்சிக்காகச் செம்பூர் பக்கம் சுற்றினேன்.

அங்கே ஒரு மாமி இரண்டு வேட்டிகளையும் ஒரு புடவையையும் கொண்டுவந்து போட்டார்.

"ஒரு டபரா செட் தருவியோ?"

"வேட்டி நைஞ்சிருக்கு மாமி. தம்ளர்தான் வரும்."

"நையாம என்ன பண்ணும்? எங்காத்துக்காரர் நாள் முழுக்க ஒரே எடத்துல ஒக்காந்து படம் போட்டுண்டிருக்கார். நீயும் ஒக்காந்து பாரு, தெரியும்."

தம்ளருக்கே ஒத்துக்கொண்டு, துணியை ஒரு பெரிய அட்டைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். கடைக்கு வந்து மூட்டையைப் பிரித்தேன். அண்ணாச்சி துணியைத் தள்ளிவிட்டுத் தாளை எடுத்தார்.

"ஏலே, இத யாரு குடுத்தா?"

"அந்த மாமிதான் அண்ணாச்சி. துணி சுத்திக் குடுத்தாவ."

"கேப்டன் குமரேசன வச்சாலே துணி சுத்துதாவ? அவுகளுக்கு நெஞ்சுல ஈரமே கெடையாதாலே?"

கேப்டன் குமரேசன் மாதாமாதம் வந்த ஒரு படக்கதைப் புத்தகத்தின் நாயகன், விமானமோட்டி. இந்தி, மராத்தி, தமிழ் மூன்றிலும் வரும். அண்ணாச்சி தமிழ்ப் புத்தகத்தைக் கல்லாவுக்குக் கீழே ஒளித்து வைத்துப் படிப்பார். கேப்டனின் மீசை தன்னைப் பார்த்து வரைந்தது என்பது அவர் நம்பிக்கை. வரைந்த ஓவியர் அவரைப் பார்த்ததே இல்லை என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த ஓவியர்தான் மாமியின் கணவர். பகலில் விளம்பரக் கம்பெனியில் வேலை, வீட்டுக்கு வந்தால் படக்கதை. அவர் வரைந்த தாளிலிருந்து அச்சடிப்பதற்கான பிளாக் எடுத்ததும் தாள் வீட்டுக்குத் திரும்பிவிடும். பிறகு அது யாருக்கும் வேண்டாம். மாமி சமையலறை அலமாரியில் விரித்தார், அரிசி டின்னை மூடினார். கையால் வரைந்த அந்தத் தாள் அச்சில் வருவதைவிட இரண்டு மடங்கு பெரியது. அழிக்காத பென்சில் கோடுகள் இருக்கும். தவறிய இடத்தில் வெள்ளைக் கலர் பூசியிருக்கும். பேச்சுகள் தனிக் காகிதத்தில் எழுதி ஒட்டப்பட்டிருக்கும். கேப்டனுக்கு முதலில் இருந்த தொப்பையைப் பிறகு வெள்ளை பூசிக் குறைத்திருந்த தாள்தான் அண்ணாச்சிக்கு ரொம்பப் பிடித்தது.

அதிலிருந்து என் வேலை மாறியது. துணி வேண்டாம், தாள்தான். தாளுக்கு ஒரு தம்ளர். கடைக்கு நஷ்டம்தான். அண்ணாச்சி அதைக் 'கம்பெனிச் செலவு' என்றார்.

போட்டிக்கு ஒருவர் இருந்தார். அண்ணாச்சியின் மனைவிக்குத் தம்பி செல்லத்துரை. எதிர்ச்சாரியில் குடைக்கடை. படக்கதையில் கேப்டனின் எதிரி கறுப்புக் குடையால் சண்டை போடும் குடைக்காரன். செல்லத்துரை எந்தப் பக்கம் என்று விளக்க வேண்டியதில்லை. கேப்டன் வரும் தாள் அத்தானுக்கு, குடைக்காரன் மட்டும் வரும் தாள் மச்சினனுக்கு என்று என் மூட்டை கடை வாசலிலேயே பங்காகும்.

3. அண்ணாச்சியின் சட்டை

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாசகர் கூட்டம் வைத்தார்கள். ஓவியர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, காகிதம் நீட்டியவர்களுக்கெல்லாம் படம் போட்டுக் கொடுத்தார். ஆளுக்கு ஒன்றுதான். அண்ணாச்சிக்கு ஒன்று போதவில்லை. என்னை வேறு வேறு சட்டையில் வரிசைக்கு அனுப்பினார்.

ஓவியர் நிமிர்ந்து பார்த்தார். "நீ எங்காத்துக்கு வர பாத்திரக்காரன்தானே? எத்தனாவது சட்டை இது?"

"ரெண்டாவதுதான் சார். அண்ணாச்சி சட்டை."

"அதான் பாத்தேன். உள்ளே இன்னொருத்தருக்கு எடம் இருக்கு."

கேட்காமலே கேப்டனையும் குடைக்காரனையும் ஒரே மேஜையில் காப்பி குடிக்கிற மாதிரி வரைந்து கொடுத்தார். இதை வாங்கிப் பார்த்த அண்ணாச்சிக்கு முகம் சுருங்கிவிட்டது.

"இந்தப் பயலோட எதுக்குலே காப்பி?"

செல்லத்துரை எட்டிப் பார்த்தார். "காப்பிக்குக் காசு குடுத்தது எங்காளுதான் அத்தான். மூஞ்சியப் பாத்தாலே தெரியும்."

4. முன்பக்கமா பின்பக்கமா

நல்ல அட்டைத் தாள் விலை அதிகம். ஓவியர் சிக்கனக்காரர். ஒரு பக்கம் வரைந்து, பிளாக் எடுத்துத் திரும்பி வந்ததும், சில சமயம் மறுபக்கத்திலும் வேறு ஏதாவது வரைந்துவிடுவார். பெரும்பாலும் பின்னால் இருப்பது சோப்பு விளம்பரமாகத்தான் இருக்கும். அதில் தகராறு இல்லை.

தகராறு வந்தது ஒரு தாளில். முன்பக்கம், கேப்டன் எரிகிற விமானத்திலிருந்து பாலத்தின் மேல் குதிக்கிறார். பின்பக்கம், குடைக்காரன் கதைக்குள் முதன்முதலாக நுழையும் பக்கம். அதற்கு மாமி ஒரு குடமே கேட்டு வாங்கிவிட்டார்.

அண்ணாச்சி அதைக் கடையில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார், கேப்டன் தெரியும்படி. சாயங்காலம் செல்லத்துரை வந்து திருப்பி மாட்டினார்.

"குடம் என் கடைக் குடம் மாப்ளே."

"குடம் முன்பக்கத்துக்குச் சரியாப் போச்சு. பின்பக்கத்துக்கு யாரு குடம் குடுத்தா?"

"முதுகு இல்லாம எவனாவது மனுசன விப்பானாடே?"

அன்று முதல் தினமும் இதே கூத்து. அவர் வருவார், திருப்புவார். இவர் திருப்புவார். டீ வரும், குடிப்பார்கள், மறுபடி திருப்புவார்கள். பாத்திரம் வாங்க வந்தவர்கள் நின்று கட்சி சேர்ந்தார்கள். ஒரு நாள் பேச்சு முற்றி, அண்ணாச்சி கல்யாணத்தில் செல்லத்துரை அவருக்குப் போட்ட மோதிரம் வரைக்கும் போய்விட்டது. அண்ணாச்சியின் மனைவி உள்ளேயிருந்து வந்தார்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள தீத்துக்கிடுங்க. இல்லன்னா ரெண்டையும் சேத்து அடுப்புல வச்சிருவேன்."

அவர் சொன்னது இரண்டு படங்களையா, இரண்டு ஆட்களையா என்று தெரியவில்லை. இருவரும் பயந்துவிட்டார்கள். நான்தான் வாயைத் திறந்தேன்.

"தாராவியில அட்டைய ரெண்டா உரிக்கிறவுக இருக்காவ அண்ணாச்சி."

5. பூரிக்கட்டை

சயான் தாண்டித் தாராவியில் நான் போய்ச் சேர்ந்தது மிட்டாய்ப் பெட்டி செய்யும் ஒரு கொட்டகை. தடிமனான பழைய அட்டைகளை மெலிதாக உரித்துப் பெட்டிக்குப் பயன்படுத்துவார்கள். அங்கே உரிப்பவர் பேச்சியம்மாள். தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல யாரு நல்லவன்?"

"மீசக்காரர் அக்கா."

"குடை வச்சிருக்கவன்தான் லட்சணமா இருக்கான்."

தண்ணீர்க் கிண்ணத்தை அருகில் இழுத்தார். நான் பதறிக் கையைப் பிடித்தேன். மை கரையாது, ஆனால் அந்த வெள்ளைக் கலர் கரைந்துவிடும். தண்ணீர் பட்டால் கேப்டனுக்குத் தொப்பை, பாலத்துக்கு விரிசல் என்று மறைத்ததெல்லாம் வெளியே வந்துவிடும்.

"அப்பக் காஞ்சபடிதான் உரிக்கணும். பேசாம நில்லு. என் மேல மூச்சு விடாத."

மூலையில் பிளேடால் கீறி, இரண்டு அடுக்காகப் பிரித்து, மேல் அடுக்கைப் பூரிக்கட்டையில் சுற்ற ஆரம்பித்தார். கட்டை உருள உருள அட்டை சரசரவென்று விட்டுக்கொடுத்தது. பாலம் வந்தது, விமானத்தின் வால் வந்தது. கேப்டனின் முகத்தருகே கை நின்றது. அந்த இடத்தில் தாள் வெங்காயத் தோல் மாதிரி மெலிந்துகொண்டு போனது.

"தம்பி, இவனுக்கு மூக்கு வேணுமா?"

"மூக்கு போச்சுன்னா எனக்குப் பரண் போச்சு அக்கா."

"ஒம் பரணுக்கும் இவன் மூக்குக்கும் என்னடே சம்பந்தம்?" என்று சிரித்தபடியே எதிர் மூலைக்குப் போய் அங்கிருந்து கீறினார். இரண்டு பக்கமிருந்தும் உருட்டிக்கொண்டு வந்து மூக்கு நுனியில் சேர்த்தார். விட்டது. கேப்டன் முழுசு. குடைக்காரனின் குடை முனை மட்டும் வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெலிந்திருந்தது.

6. பின்னால் ஒன்றுமில்லை

இரண்டுக்கும் கண்ணாடிச் சட்டம் போட்டார்கள். கேப்டன் பாத்திரக்கடையில், குடைக்காரன் குடைக்கடையில். அண்ணாச்சி என் தோளில் தட்டினார். பரண் எனக்கு நிலைத்தது என்று நினைத்தேன்.

செல்லத்துரை மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வர அவருக்கு ஒரு சோலியும் இல்லை. சாயங்காலம் டீ ஒன்றுதான் வந்தது. கட்சி சேர்ந்து நின்றவர்கள் பாத்திரம் வாங்கவும் வரவில்லை. அண்ணாச்சி கல்லாவிலிருந்து எதிர்ச்சாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படியே சில வாரங்கள் போன பிறகு, ஒரு சாயங்காலம் பழக்கதோஷத்தில் எழுந்து சட்டத்தைத் திருப்பினார். ஆணியடித்த பலகைதான் தெரிந்தது.

"ஏலே, பின்னால ஒண்ணுமே இல்லையேலே."

"பிரிச்சாச்சுல்லா அண்ணாச்சி."

"யாருலே பிரிக்கச் சொன்னா?"

"நீங்கதான்."

"நான் ஆயிரம் சொல்லுவேன். போ, அவன்கிட்டப் போய் அதையும் வாங்கிட்டு வா. சேத்து ஒட்டிருவோம்."

ரோட்டைக் கடந்து போய்ச் சொன்னேன். செல்லத்துரை கையிலிருந்த குடையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். "ஒட்டணும்னா அவர் பக்கத்த இங்க அனுப்பச் சொல்லு. ஒட்டி என் கடையில மாட்டுதேன்." இதை என்னிடம் சொல்லி அனுப்பினால் சுவாரசியம் போதாது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். எனக்கு முன்னால் ரோட்டைக் கடந்துவிட்டார்.

நான் கடைக்குள் நுழையும்போது இருவரும் நடுக்கடையில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். வாசலில் கூட்டம். மோதிரம்கூட மறுபடி வந்துவிட்டது. இரண்டு டீக்குச் சொல்லியாயிற்று. கடைசியில் செல்லத்துரை என் பக்கம் கையை நீட்டினார்.

"எல்லாம் இவனால வந்தது அத்தான்."

"நீ சொல்லுதது சரிதான் மாப்ளே."

மச்சினன் சொன்னது சரி என்று அண்ணாச்சி ஒத்துக்கொண்டு அன்றுதான் கேட்டேன். அப்படியென்றால் என் வேலை போயிற்று என்று அர்த்தம். நான் பரணில் ஏறி என் பையை எடுத்தேன். அண்ணாச்சியின் மனைவி புளிச்சோற்றை இலையில் கட்டிக் கொடுத்தார். "மொகம் பாத்துப் பேசிக்கிட்டாவள்லா, அது போதும். நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காதடே." நான் வைத்துக்கொள்ளவில்லை. வாசலில் நின்று, டீ முடியும் வரை சண்டையைக் கேட்டுவிட்டுத்தான் நடந்தேன்.

இப்போது வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். இரண்டு பேருக்கு நடுவில் வேலை பார்க்கும்போது, அவர்கள் எதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்று மட்டும் பார்க்காதீர்கள். சண்டை இல்லாவிட்டால் சாயங்காலம் அவர்கள் என்ன செய்வார்கள் என்பதையும் பாருங்கள். நான் இரண்டாவதைப் பார்க்கத் தவறினேன். ஆனாலும் அந்தத் தாள் அடுப்புக்குப் போகாமல் காப்பாற்றினேன் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தோஷம்தான்.

மறுநாள் காலையில் தாராவிக் கொட்டகைக்குப் போய் நின்றேன். பேச்சியம்மாள் தலைமுதல் கால்வரை பார்த்தார்.

"உரிக்கதுக்கு ஆள் இருக்கு. ஒட்டுததுக்குத்தான் ஆள் இல்ல. பசை கிண்டத் தெரியுமா?"

"தெரியாது அக்கா."

"மைதா, தண்ணி, பூச்சி அரிக்காம இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம். அது வெசம், பசிச்சாலும் நாக்குல வச்சிராத."

கிண்டினேன். முதல் அட்டையை ஒட்டினேன். கோணலாகப் போய்விட்டது. அடுத்து என்ன சொல்வாரோ என்று நிமிர்ந்து பார்த்தேன்.

"கெடக்கட்டும். காயதுக்குள்ள பிரிச்சு ஒட்டு" என்றார்.