விமானத்தில் போன வெத்தூரியா

இத்தாலியின் துரின் நகரத்தில் இறந்துபோகும் ருமேனியர்களைச் சொந்த ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நெக்கிதா அண்ணனின் தொழில். ருமேனியாவில் இருக்கும் யாஷ் ஊருக்குச் சாலை வழியாக ஏறக்குறைய இரண்டாயிரம் கிலோமீட்டர். ஒவ்வோர் ஆற்றுப் பாலத்திலும் வேனின் வேகத்தைக் குறைத்து, பின்னால் பெட்டிக்குள் இருப்பவருக்குக் கேட்கும்படி ஆற்றின் பெயரைச் சொல்வார். "வழி தெரியாம நின்னுடக் கூடாதில்ல" என்பார். அவருக்கு மாற்று ஓட்டுநராகப் பல வருஷம் போனதில் எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

பிறகு யாஷுக்கு நேரடி விமானம் வந்தது. இரண்டரை மணி நேரம்தான்.

அண்ணனின் மனைவி வெத்தூரியா, இத்தாலியக் கிழவிகளைக் குளிப்பாட்டிப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர், ஒரு மார்ச் மாதம் சமையலறையில் சுருண்டு விழுந்து இறந்தார். அண்ணன் வேன் சாவியை எடுத்தார். மகள் ஸ்மரந்தா பிடுங்கிக்கொண்டாள்.

"கை நடுங்குறதப் பாருங்கப்பா. இந்தக் கையோட அம்மாவக் கூட்டிட்டுப் போவீங்களா? ப்ளேன்ல காலைல ஏறினா மத்தியானம் ஊர்ல இருப்போம்."

"அவ ப்ளேன்ல போனதே இல்லம்மா."

"நாமளும் கூடத்தானே போறோம்?"

போனார்கள், புதைத்தார்கள், திரும்பினார்கள். அதன் பிறகு அண்ணனுக்குத் தூக்கம் போயிற்று.

"கோட்டு மாட்டிக்கிட்டு ஜன்னல்கிட்ட நிக்கிறாடா. எப்பக் கிளம்பறோம்னு கேக்கறா."

"அண்ணி இருந்தப்பவும் உங்கள அவசரப்படுத்திக்கிட்டுத்தானே இருந்தாங்க?" என்றேன். "வழி தெரியலடா அவளுக்கு," என்றார்.

இறந்தவரின் ஆவி உலகை விட்டுப் போகும் என்று ருமேனியர்கள் நம்பும் நாற்பதாம் நாளுக்கு முன்பு வெறும் வேனைக் கிளப்பினோம். வீட்டு வாசலில் முன்கதவைத் திறந்து வைத்து, ஒருவர் ஏறி உட்காரும் நேரம் காத்திருந்துவிட்டு மூடினார். நான் ஓட்டினேன். அவர் நடுவில் உட்கார்ந்தார். ஜன்னலோர இருக்கையை விட்டுவிட்டார். போ ஆறு, அதிஜே ஆறு, டான்யூப் ஆறு என்று அந்தப் பக்கம் திரும்பி மெல்லச் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஹங்கேரியில் தீசா ஆற்றைத் தாண்டிய சமவெளி. நல்ல வெயில். திடீரென்று பெல்ட் போடச் சொல்லும் மணி அடிக்கத் தொடங்கியது. நாங்கள் இருவருமே பெல்ட் போட்டிருந்தோம். ஜன்னலோர இருக்கையில் ஒரு காகிதம்கூட இல்லை.

அண்ணன் எட்டி, அந்த பெல்ட்டை இழுத்து மாட்டினார். மணி நின்றது.

"இவளுக்கு என்னைக்குமே இது பிடிக்காது," என்றார். வெகு நேரம் அழுதார்.

யாஷ் கல்லறைத் தோட்டத்தில் வேனின் முன்கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். பிறகு இருவரும் போய், படையலுக்குச் செய்த இனிப்புக் கோதுமையைச் சாப்பிட்டோம். அவர் அங்கேயே தங்கிவிட்டார். இப்போது தூங்குகிறாராம்.

வேனைத் தனியாகத் திருப்பிக் கொண்டுவந்து மெக்கானிக்கிடம் காட்டினேன். ஒரு பழுதும் இல்லை என்றான்.

ஸ்மரந்தா துரின் வீட்டைக் காலி செய்யப் போனாள்.

"சாவியப் போட்டுத் திறந்ததுமே தெரிஞ்சுது சித்தப்பா," என்றாள் என்னிடம். "இப்ப வீட்ல யாருமே இல்ல."