சிஸ்டர் சொன்னதில் பாதி

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இன்றைக்கும் அதைச் சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்துதான் நிற்பேன். பத்து வயதில் அந்த நிமிர்வு நிறையவே இருந்தது. தாராவியில் எங்கள் சந்தில் யாருக்கு எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் நீட்டுவார்கள்.

அந்த மே மாத லீவில் மாமா கிட்னி கெட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அவரைப் பார்த்துக்கொள்ள அத்தை திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்திருந்தாள். அவளுக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. அப்பா பட்டறை வேலை முடிந்து மாலையில்தான் வருவார். பகலெல்லாம் அத்தைக்கு வாயும் காதும் நான்தான்.

அந்த வார்டில் ஒரு மராத்திக்கார சிஸ்டர் இருந்தார். முதுகில் புண் வராமல் மாமாவை எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது என்று அத்தைக்குச் செய்து காட்டியே சொல்லிக்கொடுத்திருந்தார். அதில் என் தேவை இல்லாமல் போனது எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஒரு நாள் காலை, டாக்டர்கள் பார்த்துவிட்டுப் போன பிறகு சிஸ்டர் என்னிடம் வந்தார். “உன் பப்பா எப்போது வருவார்?” என்று இந்தியில் கேட்டார்.

“ஆறு மணிக்கு. என்னிடம் சொல்லுங்கள் சிஸ்டர், நான் இங்கிலீஷ் மீடியம்” என்றேன்.

அவர் மாமாவையே சற்று நேரம் பார்த்தார். பிறகு என் உயரத்துக்குக் குனிந்து மெதுவாகச் சொன்னார். “இனி அவர் எது கேட்டாலும் கொடுக்கலாம். ஆனால் அத்தை இன்றைக்கு எங்கேயும் போக வேண்டாம். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருக்கட்டும்.” சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நான் திரும்பிக் கத்தினேன். “அத்தே, பத்தியம் முடிஞ்சிட்டு! மாமாவுக்கு எது வேணும்னாலும் குடுக்கலாமாம்!”

ஒரு மாதமாக உப்பில்லாத கஞ்சி குடித்துச் சலித்திருந்த மாமா கண்ணைத் திறந்தார். “நெத்திலிக் கருவாட்டுக் கொழம்பு” என்றார். “உப்ப நல்லாப் போடுளா. ஆஸ்பத்திரிக்காரி மாதிரி வச்சிராத.”

“வாய்க்கு மட்டும் ஒரு கொறையுமில்ல” என்று அத்தை சிரித்தாள். ஊரிலிருந்து வந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. முந்தானையை உதறிச் செருகியபடி, “வேற என்னட்டி சொன்னாவ அந்த அம்மா?” என்று கேட்டாள்.

நல்ல செய்தி கொண்டுவந்தவள் நான். அவளை மறுபடி ஸ்டூலில் உட்காரச் சொல்ல எனக்கு மனமில்லை. கையைப் பிடித்துக்கொண்டிருப்பதெல்லாம் ஒரு வைத்தியமா என்றும் நினைத்தேன்.

“அவ்வளவுதான்” என்றேன்.

அத்தை குழம்பு வைக்க வீட்டுக்குப் போன கொஞ்ச நேரத்தில் சிஸ்டர் வந்து காலி ஸ்டூலைப் பார்த்தார். “நான் சொன்னதைச் சொன்னாயா?”

“சொன்னேன்.”

சிஸ்டர் என்னை அப்பாவின் பட்டறைக்குப் போன் செய்யச் சொன்னார். பிறகு அவரே ஸ்டூலில் உட்கார்ந்து மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தை தூக்குவாளியோடு வார்டுக்குள் நுழைந்தபோது சிஸ்டர் எழுந்து நின்றார். மாமாவின் கண்கள் மூடியிருந்தன.

அத்தை போட்ட கூச்சலில் வார்டே திரும்பிப் பார்த்தது. “ஒரு வார்த்த சொல்லியிருந்தா போயிருப்பனா? பாவி, ஏன் சொல்லல?” என்று சிஸ்டரின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

சிஸ்டர் விலகவில்லை. “என்ன சொல்கிறார்?” என்று என்னிடம் கேட்டார். நான் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் தூக்குவாளியைப் பார்த்தேன்.

“நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, தப்பு என்னுடையது என்று அத்தையிடம் சொல்” என்றார்.

அதை மட்டும் ஒரு வார்த்தைகூட விடாமல் தமிழில் சொன்னேன். அத்தை அவர் மீதே சாய்ந்து அழுதாள். சிஸ்டர் அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். அத்தை இன்றுவரை ஊரில் அந்த சிஸ்டரைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள். நானும் இன்றுவரை வாயைத் திறக்கவில்லை.

அத்தையின் கூச்சலுக்கு சிஸ்டர் பயந்துவிட்டார் என்றுதான் அன்று நினைத்தேன். எங்கள் வீட்டுப் பெண்கள் குரலை உயர்த்தினால் யாரும் அடங்கித்தான் போவார்கள் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.